முளை அடித்த இடம்

பின்வாசலில் பாப்பா கலவைச் சட்டியைக் கவிழ்த்துத் தட்டியதோடு சென்ற வாரம் கதையை விட்டோம். ஈர சிமெண்ட் தெரியாமலிருக்க அதன் மேல் மண்ணை வாரி இறைத்தாள். அது நேற்றுச் சாயங்காலம். இப்போது விடிந்துவிட்டது. நாற்றம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நாற்பது தாண்டியும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். அண்ணன் மேஸ்திரி. அவனிடமே இவள் சித்தாள். தம்பி குழாய் வேலை பார்க்கிறவன், தெருவில் அவனைக் கூப்பிடுவதே பைப்பு என்றுதான். அப்பா விட்டுப்போன ஒரே சொத்து முன்னால் வீடும் பின்னால் வெறும் மண்ணுமாகக் கிடக்கும் மனை. அதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். வீடும் அம்மாவும் அண்ணனுக்கு. பக்கவாட்டுத் துண்டு தம்பிக்கு. பின்பக்கம் பாப்பாவுக்கு, தெருவரை வந்து சேர ஒரு பாதையோடு.

பாப்பா குடியிருப்பது சிமெண்ட் கடைக்காரரின் பழைய கிடங்கில், ஒரு தகரத் தடுப்புக்குப் பின்னால். கடைக்காரர் கிடங்கை இடிக்கப் போகிறார். மழைக்கு முன்னால் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார். புருஷன் வெளியூர் வேலைக்குப் போய் அங்கேயே ஒரு குடும்பம் பண்ணிக்கொண்டவன். ஆகவே அவளுக்கு இனி போக்கிடம் என்றால் இந்தப் பின்பக்கம்தான். அதில் ஒரு அறை. அவளுக்கு வேண்டிய பக்கம் பார்த்து வைத்த ஒரு கதவு.

மனையைப் பிரிக்க நகர அலுவலகம் அனுமதி தரவேண்டும். மூலப்பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கம் இல்லை என்கிற சான்று, வரி ரசீது, மனை இன்றைக்கு இருக்கிற நிலையைக் காட்ட ஒரு படம், பிரித்தபின் எப்படி இருக்கும் என்று காட்ட இன்னொரு படம். இதையெல்லாம் சேர்க்க அலைந்தது பாப்பா. அண்ணனுக்கு வேலைத்தளம் இருந்தது, தம்பிக்கு எங்கேயாவது குழாய் உடைந்திருந்தது, அண்ணிக்கு முழங்கால் வலித்தது. பாப்பாவுக்குக் கால் வலிக்காது என்று அந்த வீட்டில் என்றைக்கோ முடிவாகியிருந்தது.

வம்பு படத்தில் வந்தது. படம் வரைகிறவர் நேரில் வந்து பார்க்கச் சோம்பல்பட்டு, வீடு கட்டிய காலத்துப் படத்தை வைத்து வரைந்துவிட்டார். அதில் கக்கூஸ் தொட்டி இல்லை. தொட்டி அதற்குப் பிற்பாடு அப்பா தன் கையால் வெட்டியது. தொட்டி, கிணறு, சாக்கடை, மின்கம்பம், இருக்கிற எதையும் படத்தில் குறிக்காமல் விடக்கூடாது என்பது அலுவலக விதி. திருத்தினால் எல்லாப் பிரதியையும் மாற்றி, எல்லாரும் மறுபடி கையெழுத்துப் போட்டு, வரிசையின் வாலில் போய் நிற்கவேண்டும்.

வேறு குடும்பம் என்றால் முணுமுணுத்துக்கொண்டே படத்தைத் திருத்தியிருக்கும். இது கட்டட வேலைக் குடும்பம்.

“படத்தை எதுக்கு மாத்தணும்? நெலத்தை மாத்திட்டாப் போச்சு. ஒரு நாள் வேலை,” என்றான் அண்ணன்.

தம்பி தொட்டியின் காற்றுக்குழாயைத் தரைமட்டத்துக்கு அறுத்து அடைப்பு வைத்தான். அண்ணன் மூடியின் மேல் கலவை இழுத்தான். பாப்பா சுமந்தாள். ஏய்ப்பு வேலை என்று தெரிந்தேதான் சுமந்தாள். தொட்டி அண்ணன் பக்கம்தானே, நாளைக்கு ஏதாவது வந்தால் அவன் பாடு, நமக்கு வேலை சீக்கிரம் முடிந்தால் சரி என்பது அவள் கணக்கு.

இன்று அலுவலகத்திலிருந்து நேரில் பார்க்க வருகிறார்கள்.

*

பாப்பா வந்தபோது அண்ணி பின்வாசலில் பினாயிலைக் கொட்டிக்கொண்டிருந்தாள். பினாயில் வாசனை மலநாற்றத்தை மறைக்கவில்லை. இரண்டும் கூடி, குளிப்பாட்டி பவுடர் பூசிய பிணம் மாதிரி ஒரு வாடை வந்தது.

“உள்ள இருக்க முடியல பாப்பா. குழாயை அறுத்ததுல இருந்து காத்தெல்லாம் வீட்டுக்குள்ள திரும்புது. கக்கூஸ் கொடகொடன்னு பேசுது.”

“இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்க அண்ணி. அவங்க போனதும் தம்பி மாட்டிக் குடுத்துருவான்.”

“ராத்திரியிலேருந்து நான் அந்தப் பக்கமே போகல.”

“நானும்தான்,” என்றாள் அம்மா. பின்வாசலை அடைத்துப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். “அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன். சொத்துப் பிரிக்கிறதுன்னா சும்மாவா.”

தம்பி முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் நின்றான்.

“ஏண்டா பைப்பு, உன் தொழிலே இதுதான். நீயே மூக்கை மூடுற?”

“அடுத்தவன் வீட்டுதுன்னா நாறாதுக்கா. நம்ம வீட்டுதுதான் தாங்க முடியல.”

எப்போதும் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறவன், இன்றைக்குச் சுவரைப் பார்த்துச் சொன்னான். பாப்பா அதைக் கவனித்தாள். நாற்றத்தில் எவன்தான் நிமிர்ந்து பார்ப்பான் என்று விட்டுவிட்டாள்.

துணிப்பையிலிருந்து படத்தை எடுத்துத் துணி துவைக்கிற கல்லின் மேல் விரித்தாள். வீடு ஒரு கட்டம். தெருவோரம் மின்கம்பம் ஒரு புள்ளி. பின்பக்கம் வெறும் வெள்ளை. அதில் அவளுடைய எல்லைக்கோடு வீட்டு மூலையிலிருந்து கிளம்பி, நேராகப் போகாமல் ஓரிடத்தில் முழங்கை மாதிரி மடங்கியது. அண்ணன் வீட்டில் வைத்துப் பேசியபோது கோடு நேராகத்தான் இருந்தது. படம் வாங்கிய அன்றைக்கே வரைகிறவரிடம் இதென்ன வளைவு என்று கேட்டாள். பாதைக்கு அகலம் வரணும்ல, அதுக்குத்தான், பரப்பு குறையல பாரு என்று எண்ணைக் காட்டினார். எண் சரியாக இருந்தது. வெள்ளைத் தாளில் கோடு எங்கே வளைந்தால் என்ன என்று அவளும் மடித்து வைத்துவிட்டாள்.

“பாப்பா, செடி வெச்ச வாளி ஒண்ணு கெடக்குமே, அதைக் கொண்டாந்து இது மேல வை,” என்றான் அண்ணன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கால்சட்டையும் போட்டிருந்தான். பூசிய இடத்தைக் காலால் அழுத்திப் பார்த்தான். “இன்னும் இறுகல. யாரும் மிதிச்சுராதீங்க. தொட்டி எங்கன்னு கேட்டா, தெருச் சாக்கடையில சேத்தாச்சுன்னு சொல்லணும். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுங்க. பாப்பா, நீ வாயே தெறக்காத. உனக்குப் பொய் வராது.”

“சுமக்க மட்டும் வரும்.”

“ஆமா. அதை ஒழுங்காப் பண்ணு.”

வாளியில் பாதி ஈர மண் இருந்தது. இடுப்பில் இடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். வதங்கிப்போன செடி ஒன்று மலத்தின் தலையில் கிரீடம் மாதிரி நின்றது.

*

ஆய்வாளர் அம்மாள் குடையோடு வந்தார். ஒரே நாளில் பல மனைகளை மிதித்தவர் என்று செருப்பே சொன்னது. கூட அளவுக்காரர் ஒருவர், தோளில் நாடாச் சுருளும் கையில் மரமுளைகளும்.

பாப்பா பையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்துக் கொடுத்தாள். ஆய்வாளர் புரட்டினார்.

“எல்லாம் வரிசையா இருக்கே. யார் சேத்தது?”

“நான்தான் மேடம்,” என்றான் அண்ணன். “தங்கச்சி கூடமாட இருந்துச்சு.”

பாப்பா வாயைத் திறக்கவில்லை. திறக்காதே என்றுதானே சொல்லியிருந்தான்.

ஆய்வாளர் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்ததும் நின்றார். மூக்கு சுருங்கியது.

“என்ன நாத்தம் இது?”

“பக்கத்து வீடு மேடம். எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தாச்சு.”

பக்கத்து வீட்டுக் கொடியில் அப்போதுதான் துவைத்த வெள்ளை விரிப்பு ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“ரொம்ப அசிங்கம் புடிச்சவங்க,” என்றாள் அம்மா நாற்காலியிலிருந்து. சொல்லிவிட்டுக் கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டாள்.

“படத்துல கழிவுத்தொட்டி காட்டல. எங்க இருக்கு?”

“தொட்டியே கெடையாதுங்க. நேரா தெருச் சாக்கடையில சேத்தாச்சு. தம்பிதான் சேத்தான், குழாய் வேலைக்காரன்.”

தம்பி துண்டுக்குள்ளிருந்து தலையை ஆட்டினான்.

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். “சரி, அளந்து முளை அடிச்சதும் மூணு பேரும் சம்மதப் பத்திரத்துல கையெழுத்துப் போடுங்க. முளை நிக்கிற கோடுதான் எல்லைன்னு ஒத்துக்கறோம்னு அர்த்தம். அப்புறம் வந்து அழுதா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

அளவு ஆரம்பித்தது. நாடாவின் நுனியைப் பாப்பா பிடித்தாள். வீட்டு மூலையில் முதல் முளை. தம்பி துண்டின் ஓரத்தில் ஒன்று. அளவுக்காரர் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்சுவரை ஒட்டி நகர்ந்து, கக்கூஸ் சுவருக்கும் வாளிக்கும் இடையில் போய் நின்றார்.

“இங்க ஒண்ணு. தரை கெட்டியா இருக்கும்மா, கடப்பாரையால ஒரு குழி போட்டுக் குடுங்க.”

பாப்பா கடப்பாரையை எடுத்துவந்து ஓங்கிக் குத்தினாள். அளவுக்காரர் குழியில் முளையைச் செருகித் தட்டினார். முளைக்கு முளை வெள்ளை நூலை இழுத்துக் கட்டினார்.

நூல் விறைத்து நின்றது. நூலுக்கு அந்தப் பக்கம் கக்கூஸ். இந்தப் பக்கம் வாளி.

பாப்பா கடப்பாரையை ஊன்றியபடி அதையே பார்த்தாள். படத்தில் முழங்கை மாதிரி மடங்கிய கோடு இப்போது தரையில் கிடந்தது. கக்கூஸை ஜாக்கிரதையாக அந்தப் பக்கம் விட்டு, தொட்டியைத் துல்லியமாக இந்தப் பக்கம் தள்ளியிருந்தது. பாதை போக மீதியில் அவள் மனசுக்குள் கதவு வைத்திருந்த இடத்தில்தான் வாளி உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் நேற்று அவளே சுமந்து கொட்டிய கலவை.

வாயில் எச்சில் ஊறியது. துப்பவேண்டும் போலிருந்தது. எங்கே துப்புவது என்று தெரியவில்லை.

“இந்த முளை தப்பு. கோடு இன்னும் தள்ளி, வாளிக்கு இந்தாண்ட வரணும்,” என்றாள்.

அளவுக்காரர் படத்தை நீட்டினார். “படத்துல இங்கதாம்மா வளையுது.”

“என்ன பிரச்சினை?” என்றார் ஆய்வாளர். “உங்க பரப்பு சரியாத்தானே வருது?”

“ஒண்ணுமில்ல மேடம், அதுக்கு அளவு புரியாது.” அண்ணன் பாப்பாவின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான். “பரப்புல ஒரு அடி குறையல பாப்பா. பின்னால உனக்குக் கொஞ்சம் கூடவே வருது. போடு கையெழுத்தை.”

“உங்க கக்கூஸ் அந்தப் பக்கம். நீங்க போறது வந்து விழற எடம் என் பக்கம்.”

“மெதுவாப் பேசு. எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அவங்க இப்பதான் சொன்னாங்க.”

“இப்ப நீ வாயைத் தெறந்தா எல்லாம் மொதல்லேருந்து. மழைக்கு முன்னால உனக்கு ரூமு வேணுமா வேணாமா?”

அதுதான் கொக்கி. அண்ணனுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டால் மழைக்கு முன்னால் ஒரு அறை, அண்ணன் வீட்டு மலத்தின் மேல். போடாவிட்டால் நாற்றமில்லாத நடுத்தெரு.

ஆய்வாளர் பேனாவை நீட்டினார். அண்ணன் போட்டான். தம்பி போட்டான், எழுத்து கோணியது. பேனா பாப்பாவிடம் வந்தது. இடது கையில் வாங்கிக்கொண்டாள். வலது கையில் கடப்பாரை இருந்தது.

சுவருக்கு உள்ளே, யாரும் தண்ணீர் ஊற்றாமலே, கக்கூஸ் கொடகொடவென்றது.

பாப்பா பேனாவைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள். வாளியைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். அது உருண்டு அண்ணன் செருப்பில் மண்ணைக் கொட்டியது.

“பாப்பா,” என்றான் அண்ணன்.

முதல் குத்தில் கடப்பாரை இறுகாத சிமெண்டில் புதைந்து நின்றது. நெம்பினாள். பூச்சு தோல் உரிந்த மாதிரி பட்டையாக வந்தது. அடுத்த குத்து மூடியின் ஓரத்தில் விழுந்து ஒரு மூலை பிளந்துகொண்டது.

காற்றுக்குப் போக்கில்லாமல் அடைபட்டுக் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. சூடான, இனிப்புக் கலந்த, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற நாற்றம். பிளவுக்குள் பழுப்பாக ஏதோ நுரைத்து, ஒரு குமிழி பெருத்து, உடைந்தது. பிறகு கரப்பான்கள் வந்தன. விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி கூட்டமாக வந்து, வெள்ளை நூலைத் தாண்டி, வீட்டை நோக்கிப் போயின. அவற்றுக்கு எந்த எல்லையும் இல்லை. சில அண்ணனின் இஸ்திரி போட்ட கால்சட்டையில் ஏறின. அவன் குதித்தான். அண்ணி கதவுக்குப் பின்னால் ஓங்கரித்தாள்.

“இதான் மேடம் தொட்டி,” என்றாள் பாப்பா. “நேத்துதான் மூடினோம். நானும் சேந்துதான் மூடினேன். படத்துல போட்டுக்கங்க.”

ஆய்வாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போனார். கோபப்படவில்லை. இதைவிட மோசமானதைப் பார்த்தவர் மாதிரிதான் பேசினார்.

“நெலத்துல இருக்கறது படத்துல இருக்கணும். இல்லன்னா அந்தப் படம் செல்லாது. தொட்டியக் குறிச்சு, கோடு எங்க போகுதுன்னு நீங்களே முடிவு பண்ணி, மூணு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. இன்னொருத்தர் மனைக்குள்ள தொட்டிய வெச்சுட்டு வீட்டுல கக்கூஸ் வெச்சுக்க எங்க ஆபீஸ்ல விட மாட்டாங்க. இது தெரிஞ்சுதான் மறைச்சீங்களா, தெரியாம மறைச்சீங்களான்னு நான் கேக்கல. கேட்டா எழுதணும்.” அளவுக்காரரைப் பார்த்தார். “முளையைப் புடுங்குங்க.”

*

அவர்கள் போகும்வரை அண்ணன் காலை உதறிக்கொண்டிருந்தான். குடை தெருமுனை திரும்பியதும் ஆரம்பித்தான்.

“என் மானத்தை வாங்கிட்ட. கட்டடத் தொழில்ல இருக்கறவன் நான். அந்தம்மா கையெழுத்து இல்லாம நாளைக்கு இந்த ஊர்ல ஒரு செவுரு எழுப்ப முடியுமா?”

“எழுப்ப வேணாம். எழுப்புனா அது அடியில என்னத்தைப் பொதைப்பியோ.”

“வாய் நீளுது.”

“உன் பிள்ளைங்க, உன் பொண்டாட்டி, நீ, எல்லாரும் வெளிக்கு இருந்துட்டுப் போறது என் வாசல்ல வந்து நிக்கணும். அது மேல நான் அடுப்பு வெச்சு சமைச்சுத் திங்கணும். இதை நெனச்சுக்கிட்டே என்னைச் சிமெண்ட் சுமக்க வெச்சியேண்ணே. சட்டியைத் தூக்கி என் தலையில வெச்சப்ப உனக்குக் கொமட்டல?”

அண்ணன் கால்சட்டையில் மிச்சமிருந்த கரப்பானைத் தேடினான்.

“அக்கா,” என்றான் தம்பி. துண்டை அவிழ்த்திருந்தான். “கோட்டை வளைக்கச் சொன்னது அண்ணன் இல்ல.”

“நீயா?”

“நான் இல்ல. தெரியும், ஆனா நான் இல்ல.” கண்ணை மட்டும் பின்வாசல் பக்கம் காட்டினான்.

பின்வாசலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பால் மூக்கை மூடியிருந்தாள். மகள் பார்ப்பதைப் பார்த்ததும் தலைப்பை இறக்கினாள். மழுப்பவில்லை, வெட்கப்படவும் இல்லை.

“நான்தான் சொன்னேன். படம் வரையறவரு வாசலோட நின்னு கேட்டாரு, தொட்டி எதுவும் இருக்கான்னு. இல்லன்னுட்டேன். கோடு இப்படிப் போகட்டும்னு செவுத்துல வெரலால காட்டினேன். அதுல என்ன இப்ப?”

 வரைகிறவர் சோம்பல்பட்டு விட்ட தொட்டி என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள் பாப்பா.

“ஏம்மா?”

“ஏன்னா? தொட்டி நெறைஞ்சா யாரு எறங்குவா? மருமகளுக்கு வாடையே ஆகாது. சின்னவன் ஊரான் வீட்டுக்குப் போவான், நம்ம வீட்டுக்குன்னா நாளைக்கும்பான். பெரியவன் ஆளுகிட்டச் சொல்லுவான், ஆளு வராது. அடைச்சுக்கிட்டா சின்ன வயசுலேருந்து நீதானே கம்பை எடுத்துக்கிட்டுப் போவ. உன் பக்கம் இருந்தா நீ பாத்துக்குவ. வேற யாரு பக்கம் இருந்தாலும் நாறும்.”

நியாயம் பேசுகிற குரல்தான். பாத்திரத்தை யார் எந்த அலமாரியில் வைப்பது என்று சொல்கிற குரல். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். தம்பி துண்டை மடித்தான். கதவுக்குப் பின்னால் அண்ணி ஓங்கரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று பேரில் ஒருவர்கூட அப்படிச் சொல்லாதே என்று சொல்லவில்லை.

பிளவுக்குள் இன்னொரு குமிழி உடைந்தது.

“அதை அப்படியே தெறந்து போட்டுட்டா எப்படி?” என்றாள் அம்மா. “எதையாவது வெச்சு மூடு பாப்பா. ஈ மொய்க்குது.”

எல்லாரும் பாப்பாவைப் பார்த்தார்கள். வேறு யாரையும் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பாப்பா கடப்பாரையைக் கக்கூஸ் சுவரில் சாத்தினாள். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். முழங்கைவரை, நிதானமாக. ஆய்வாளர் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுப் போன காகிதங்களை அடுக்கி, தன் கையெழுத்து இல்லாத சம்மதப் பத்திரத்தையும் மூலப்பத்திரத்தோடு சேர்த்துப் பையில் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எங்க போற? மூடிட்டுப் போ,” என்றான் அண்ணன்.

அவள் நடந்தாள்.

அவனுக்குச் சற்றுப் பிந்தித்தான் உறைத்தது. “ஏய், பை. பையை வெச்சுட்டுப் போ. பத்திரம் அதுலதான் இருக்கு.”

நூலை அவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எது யார் பக்கம் என்று தரையில் இப்போது எந்த அடையாளமும் இல்லை. பிளந்த மூடி மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பாப்பா வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். இடதுபக்கம் திரும்பினால் கிடங்கு, தகரத் தடுப்பு, அவளுடைய பாய். வலதுபக்கம் படம் வரைகிறவரின் அறை.

அவள் வலதுபக்கம் திரும்பினாள்.